நடைமேடையில் பழகிய பயம்

ரோலர் கோஸ்டர் நடைமேடையில் வேலை பார்ப்பவர்களுக்குச் சவாரியைக் காட்டிலும் சவாரிக்கு முந்தைய சில நிமிடங்களே நன்கு பழகியவை. பாதுகாப்புக் கம்பியை இழுத்துப் பார்ப்பது, பைகளையும் தொப்பிகளையும் வாங்கி வைப்பது, கட்டைவிரலை உயர்த்திக் கட்டுப்பாட்டு அறைக்குச் சைகை காட்டுவது என்று எங்கள் வேலையெல்லாம் ரயில் நின்றுகொண்டிருக்கும் நேரத்தில்தான் நடக்கிறது. அதனால் பயந்த முகங்களை நாங்கள் பார்க்கும் அளவுக்கு வேறு யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதே ரயில் இரண்டு மூன்று நிமிடங்களில் ஒரு சுற்று முடித்துத் திரும்பும்போது, கலைந்த தலைமுடியும் சிரிப்புமாகப் பெரும்பாலோர் இறங்குகிறார்கள். அந்தச் சிறிய இடைவெளியில் அவர்களுடைய பயம் என்ன ஆயிற்று என்ற கேள்வி என்னை வெகுகாலம் யோசிக்க வைத்தது. வேலையில் சேர்ந்தபோது நானும் அந்த ரயிலில் ஏற அஞ்சியவன் என்பதே அதற்குக் காரணம்.

உயரத்திலிருந்து கீழே பாயும் கணத்தில்தான் பயம் உச்சத்தில் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரிசையின் கடைசித் திருப்பத்தில் தண்டவாளம் முழுதாகக் கண்ணில் படும்போதும், மடிமேல் இறங்கிய கம்பி ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும்போதும்தான் முகங்கள் வெளிறுகின்றன. நெதர்லாந்தைச் சேர்ந்த இரு உளவியலாளர்கள் ஆஸ்துமா உள்ள இளம்பெண்களை ரோலர் கோஸ்டரில் ஏற்றி ஓர் ஆய்வு செய்தார்கள். 2010ஆம் ஆண்டின் இக் நோபல் பரிசும் அதற்குக் கிடைத்தது. சிரிக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் பரிசுதான் என்றாலும், அதன் முடிவு எங்கள் நடைமேடைக்கு அப்படியே பொருந்துகிறது. சவாரி முடிந்த பிறகு அந்தப் பெண்களின் நுரையீரல் செயல்பாடு சற்றுக் குறைந்திருந்தும், மூச்சுத்திணறலை அவர்கள் அதிகமாக உணர்ந்தது சவாரிக்கு முன்னால்தான். காத்திருப்பது உடலை அவ்வளவு தூரம் ஆட்டிவைக்கிறது.

நான் பயத்துடன் அந்த வேலைக்கு வந்தது வேடிக்கையாகத் தோன்றலாம். நுழைவுச்சீட்டுப் பிரிவில் இடம் கேட்டேன். ஆள் தேவைப்பட்டது ரோலர் கோஸ்டரில். நடைமேடையில் நிற்பவர் சவாரி செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லாததால், முதல் சில வாரங்கள் ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். வருகிறவர்களோ என்னிடம்தான் கேட்டார்கள்: “ரொம்ப பயமா இருக்குமா சார்?” மனப்பாடம் செய்த பதிலைச் சொல்வேன். என் குரலிலேயே நம்பிக்கை இல்லாதது அவர்களுக்குக் கேட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

என்னை மாற்றத் தொடங்கியவர் பராமரிப்புக் குழுவின் மூத்த டெக்னீஷியன். பூங்கா திறப்பதற்கு வெகுநேரம் முன்பே அவர் தண்டவாளத்தை ஒட்டிய படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். மனிதர்களை ஏற்றும் முன் ரயில் காலியாகப் பல சுற்றுகள் ஓடி முடித்திருக்கும். ஒரு நாள் பணிமனையில் தூக்கி நிறுத்தியிருந்த பெட்டி ஒன்றின் அடியில் என்னைக் குனியச் சொன்னார். “தம்பி, மேலே அண்ணாந்து பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். முதலில் இதைத் தொட்டுப் பார்” என்றார். தண்டவாளத்தின் மேல் உருளும் சக்கரம் ஒன்று, பக்கவாட்டில் அணைத்துக்கொள்ளும் சக்கரம் ஒன்று, அடிப்பக்கத்திலிருந்து பிடித்திருக்கும் சக்கரம் ஒன்று என மூன்று திசைகளிலும் சக்கரங்கள் குழாய் வடிவத் தண்டவாளத்தைக் கவ்வும்படி அமைந்திருந்தன. அந்த அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1919இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய ரயில்கள் பெரும்பாலும் தம் எடையாலேயே தண்டவாளத்தில் தங்கியிருந்தன. செங்குத்தான இறக்கங்களைத் துணிந்து கட்ட முடிந்தது இந்தச் சக்கரத்துக்குப் பிறகுதான். ரயில் கழன்று பறந்துவிடும் என்பதே என் முதல் பயம். ரப்பர் போன்ற பூச்சுடன் வழவழப்பாக இருந்த அந்தச் சக்கரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தபோது, அந்தப் பயத்தின் பெரும்பகுதி அங்கேயே கரைந்தது.

பிறகு அவர் சத்தங்களைக் கற்றுக்கொடுத்தார். ஏற்றத்தில் ரயில் போகும்போது கேட்கும் ‘டக் டக் டக்’ என்ற ஓசையைப் பலரும் பழைய இயந்திரத்தின் முனகல் என்று நினைக்கிறார்கள். மேலே இழுக்கும் சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னோக்கிச் சரியாதபடி, பெட்டியின் அடியிலுள்ள கொக்கி ஏற்றத்தின் பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து எழும் சத்தம் அது. நடைமேடையில் நிற்பவரும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரும் அவரவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால்தான் எங்கள் ரயில் கிளம்பும். ஒருவர் விரலை எடுத்தாலும் நகராது. தண்டவாளம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒரு பகுதியில் ஒரு ரயிலுக்கு மேல் இருக்கக் கணினி அனுமதிக்காது. சுற்றின் முடிவில் ரயிலின் அடியிலுள்ள செப்புத் தகடுகள் நிலைக்காந்தங்களுக்கு இடையே புகும்போது, அத்தகடுகளில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் ரயிலின் வேகத்தை எதிர்க்கிறது. மின்சாரம் போய்விட்டாலும் காந்தத்தின் வேலை நிற்பதில்லை. இவற்றையெல்லாம் அவர் பாடம்போல் சொல்லவில்லை; ஒவ்வோர் இடத்திலும் நின்று, கை வைத்து, எண்ணெய்க் கறையைத் துடைத்தபடியே சொன்னார்.

இருந்தாலும் இயந்திரத்தை நம்புவது வேறு, உடலை நம்பவைப்பது வேறு என்பது முதல் முறை இருக்கையில் உட்கார்ந்தபோது புரிந்தது. மூளைக்குத் தெரிந்தது அடிவயிற்றுக்குத் தெரியவில்லை. இறக்கத்தில் வயிறு மேலெழும்புவதுபோல் தோன்றுவதற்குக் காரணம் எளியது: உடலும் இருக்கையும் ஒரே வேகத்தில் கீழே விழும்போது, வழக்கமாக நம் உள்ளுறுப்புகள் உணரும் எடையழுத்தம் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. காதின் உட்பகுதியிலுள்ள சமநிலை உணர்வோ விழுகிறோம் என்று உடனே அறிவிக்கிறது. இதயம் வேகமாக அடிப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் அதன் தொடர்ச்சி. இந்த ஏற்பாடு நம் உயிரைக் காப்பாற்ற உண்டானது. பொழுதுபோக்குக்காக விழுகிறோம் என்பதை அதற்கு எடுத்துச் சொல்ல வழியில்லை.

இந்த இடத்தில்தான் “பயப்படாதே, அமைதியாக இரு” என்ற அறிவுரை உதவாமல் போகிறது. துடிக்கிற இதயத்தை அதட்டி அடக்க முடியாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசுவது, பிறர் முன் பாடுவது போன்ற பதற்றமான வேலைகளுக்கு முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் மேலாகச் செய்தார்கள் என்று கண்டறிந்தார். பதற்றத்திலும் உற்சாகத்திலும் உடல் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கிறது. பெயரை மாற்றிச் சொல்வது சுலபம், படபடப்பையே இல்லாமலாக்குவது கடினம். அந்த ஆய்வு ரோலர் கோஸ்டரைப் பற்றியது அன்று. ஆனால் நடைமேடையில் கைகளைத் தட்டிக்கொண்டும் தோழியின் தோளை உலுக்கிக்கொண்டும் ஏறுகிறவர்கள், வாயை இறுக மூடிக்கொண்டு ஏறுகிறவர்களைவிட நல்ல நிலையில் திரும்புவதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். கத்துவதற்கு வெட்கப்படுகிறவர்கள்தான் பாவம். கத்தும்போது தானாகவே மூச்சு வெளியேறுகிறது. அவர்களோ மூச்சை அடக்கிக்கொண்டு, தோளைக் காதுவரை தூக்கி, உடல் முழுவதையும் இறுக்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு திருப்பமும் அவர்களுக்கு அடியாக விழுகிறது.

என் விஷயத்தில் உதவியது படிப்படியாகப் போனதுதான். எங்கள் பூங்காவில் சிறுவர்களுக்கான சிறிய ரோலர் கோஸ்டர் ஒன்று உண்டு. கூச்சத்தை விட்டுவிட்டு, வேலை நேரம் முடிந்ததும் அதில் ஏறினேன். அது சலித்துப்போகும்வரை மறுபடி மறுபடி ஏறினேன். சலிப்பு வந்த பிறகுதான் அடுத்ததற்குப் போனேன். மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனின் பயத்தை, அவன் விரும்பி உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து போக்கினார். 1924இல் அதைப் பற்றி எழுதினார். இன்றும் பயத்துக்கான சிகிச்சைகளில் இந்த முறையின் சாயல் உண்டு. என்னைப் பொறுத்தவரை இதில் முக்கியமானது, முயல் எவ்வளவு நெருங்கி வரலாம் என்பது பயப்படுகிறவரின் நிலையைப் பார்த்தே முடிவாக வேண்டும் என்பதுதான்.

பெரிய ரயிலில் முதன்முதலாக ஏறியபோது நடுப்பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். கடைசிப் பெட்டிதான் பாதுகாப்பு என்று பயந்தவர்கள் அங்கே ஓடுவதுண்டு. உண்மையில் முன்பெட்டிகள் இறங்கத் தொடங்கியதும் கடைசிப் பெட்டி உச்சியைத் தாண்டி வேகமாக இழுக்கப்படுவதால், இருக்கையை விட்டு எழும்பும் உணர்வு அங்கேதான் அதிகம். முதல் வரிசையில் முன்னால் யாரும் இல்லாத வெறுமை பயமுறுத்தும். நடுவே இரண்டும் குறைவு. கண்களைத் திறந்து வைத்திருக்கும்படி டெக்னீஷியன் சொல்லியிருந்தார். கண்ணை மூடினால் திருப்பம் எந்தப் பக்கம் வருகிறது என்று கழுத்துக்குத் தெரியாது; குமட்டலும் கூடும். தலையை இருக்கையோடு ஒட்டிச் சாய்த்து, அடுத்த வளைவைப் பார்த்தபடி இருந்தேன். முதல் இறக்கத்தில் நான் எழுப்பிய ஓசையை வீரமானது என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது மேட்டில் அடிச்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்வும் மெல்லிய அதிர்வு காலடியில் தெரிந்தது, அது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. அங்கிருந்து சவாரி வேறு விதமாக இருந்தது.

அதன் பிறகு எஞ்சியிருந்தது ஏற்றத்தின் நடுவே ரயில் நின்றுவிடுமோ என்ற பயம். அது நடக்கவும் நடக்கும். ஒரு சென்சார் எதிர்பாராத தகவல் தந்தாலும், முன்னால் போன ரயில் தன் பகுதியைவிட்டு வெளியேறத் தாமதித்தாலும், கணினி சங்கிலியை நிறுத்திவிடும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அது பழுது. எங்களுக்கோ, ஏதோ சரியில்லை என்று தோன்றினால் நின்றுவிட வேண்டும் என்ற ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். அப்படி நின்ற ஒரு பிற்பகலில், பக்கவாட்டுப் படிகளில் ஏறி ஒவ்வொரு பெட்டியாகப் போய்ப் பேசும் வேலை எனக்கு வந்தது. நாலாவது வரிசையில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்த விரல்களின் கணுக்கள் வெளுத்துப்போக அமர்ந்திருந்தார். “அந்த டக் டக் சத்தம் நின்னுபோச்சே தம்பி, அதான்...” என்றார். கொக்கியைப் பற்றிச் சொன்னேன். அது இப்போது பல்லில் விழுந்து பிடித்திருக்கிறது, அதனால்தான் சத்தமில்லை என்றேன். அவர் எட்டிப் பார்க்க முயன்றார், கம்பி விடவில்லை. “சரி, அப்ப கெட்டியாத்தான் இருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் அங்கே நின்றபோது என் கால்கள் நடுங்கவில்லை என்பதைக் கீழே இறங்கிய பிறகுதான் கவனித்தேன்.

இந்த வேலையில் எனக்கு உண்மையான வருத்தம் தருவது பிறரை வற்புறுத்தி ஏற்றுகிறவர்கள். கேலி செய்யும் நண்பர்களையாவது ஒரு பார்வையில் அடக்கிவிடலாம். அன்பினால் வற்புறுத்தும் பெற்றோரிடம் பேசுவது கடினம். ஒரு சிறுமி நுழைவுக் கதவின் கம்பியில் விரல்களைக் கோத்துக்கொண்டு, “வேண்டாம்பா, நான் இங்கயே நிக்கிறேன்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். உயரம் சரியாக இருந்தது. விதிப்படி அவளைத் தடுக்க எனக்குக் காரணம் இல்லை. “ஒரு தடவை ஏறினா பயம் போயிடும்” என்றார் தந்தை. ஏறாமல் வெளியேறுபவர்களுக்காக நடைமேடையின் மறுபக்கத்தில் ஒரு வழி உண்டு. அதைத் திறந்து, “பாப்பா, இந்தப் பக்கமா போய் வேலி ஓரமா நின்னா அப்பா போறது நல்லா தெரியும்” என்றேன். அவர் சற்று முகம் சுளித்தாலும் தனியாக ஏறினார். அவள் வேலியோரம் நின்று பார்த்தாள், கையசைத்தாள். அன்று அவள் ஏறவில்லை, பிறகு எப்போதாவது ஏறினாளா என்பதும் எனக்குத் தெரியாது. வற்புறுத்தி ஏற்றப்பட்ட குழந்தைக்கு, தன் ‘வேண்டாம்’ எடுபடவில்லை என்ற நினைவும் அந்த வேகத்தோடு சேர்ந்து பதிந்துவிடும். வெளியேறும் வழி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டிவிட்டால், தயங்கி நின்றவர்களில் பலர் அதன் வழியே போகாமல் ரயிலிலேயே ஏறிவிடுகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். திரும்பிவிடலாம் என்பது உறுதியானதும் முன்னே போவதற்குக் கால் வருகிறது போலும்.

எல்லாப் பயத்தையும் வென்றே தீர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. இதயநோய், கழுத்து அல்லது முதுகெலும்புக் கோளாறு, கர்ப்பம் ஆகியவை உள்ளவர்கள் ஏறக்கூடாது என்று வாயிலில் எழுதியிருப்பது சடங்குக்காக அன்று. உயர அளவுகோலின் அடியில் நுனிக்காலில் நிற்கும் சிறுவர்களைத் திருப்பி அனுப்பும்போது பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். பாதுகாப்புக் கம்பி குறிப்பிட்ட உடலளவைக் கருதி வடிவமைக்கப்பட்டது என்று பொறுமையாக விளக்குவோம். பயணிகளின் உடல் சொல்வதைப் பொறியாளர்களே கேட்டுத் திருத்திக்கொண்ட வரலாறும் உண்டு. 1895இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் கட்டிய ஃபிளிப் ஃபிளாப் என்ற சவாரியில், பயணிகளைத் தலைகீழாக்கும் சுழற்சி முழு வட்டமாக இருந்ததால், உள்ளே நுழையும்போது பயணிகளின் கழுத்து கடுமையாக வெட்டி இழுக்கப்பட்டது. 1976இல் கலிஃபோர்னியாவில் திறக்கப்பட்ட ரெவல்யூஷன் என்ற ரோலர் கோஸ்டரில் சுழற்சி கண்ணீர்த்துளி வடிவில் அமைந்தது. அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் இருப்பதால் அந்தத் தாக்கம் தணிந்தது. கழுத்து வலித்தவர்களைக் கோழைகள் என்று ஒதுக்கியிருந்தால் வளைவின் வடிவம் மாறியிருக்காது.

இப்போது காலைச் சோதனை ஓட்டங்கள் முடிந்து ஊழியர்களை ஏற்றும் சுற்றில் நானாகவே போய் உட்கார்கிறேன்; கடைசிப் பெட்டிதான் எனக்குப் பிடித்த இடமாகிவிட்டது. ஆனால் பக்கத்திலுள்ள செங்குத்துக் கோபுரச் சவாரி, அதாவது உச்சிவரை மெதுவாகத் தூக்கிச் சென்று, சற்று நிறுத்தி, சட்டென்று விட்டுவிடுவது, இன்றும் எனக்கு ஒத்துவரவில்லை. அதன் பிரேக்கும் காந்தத்தால் ஆனது, மின்சாரமின்றி வேலை செய்வது, எல்லாம் தெரியும். உச்சியில் எப்போது விடுவார்கள் என்று தெரியாமல் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளைத்தான் தாங்க முடிவதில்லை. ஆள் குறைவான நாட்களில் அங்கே பணி மாற்றிக்கொண்டு நிற்பேன், கம்பிகளைச் சரிபார்ப்பேன், பொத்தானையும் அழுத்துவேன். ஏற அழைத்தால் மட்டும் மறுத்துவிடுகிறேன்.