பன்னிரண்டு நாள்

மார்ச் 9, 2025

பாப்பா பஸ் போர்டைப் பார்த்து 'பாலக்கோடு' என்று படிக்கிறாள். ராயக்கோட்டையில் 'க்' மட்டும் விழுங்குகிறாள். பிறந்தது 12.8.2022. எல்.கே.ஜி.க்கு ஜூலை 31-ல் மூணு வயசு முடிஞ்சிருக்கணும்.

மார்ச் 11

12 நாள்தானே குறையுது, சேர்த்துவிடு என்கிறார்கள். பக்கத்தில் உட்காரப் போவது 2021 ஆகஸ்டில் பிறந்த பிள்ளை. முழுசா ஒரு வருஷம் பெரியது.

மார்ச் 23

தேதியை ஜூலைக்கு மாற்றிக் கொண்டு வரச் சொல்கிறது ஒரு பள்ளி. கூடவே கூடாது. எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில், ஏறும் தேதிதான் டி.சி., பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரை போகும். பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் வேறு தேதி சொன்னால் பாஸ்போர்ட் எடுக்கும்போது சிக்கும். பிள்ளை தலையில் அந்தப் பொய்யை ஏன் கட்டணும்?

ஏப்ரல் 2

இந்த ஜூனில் சேர்ந்தால் 2027-ல் ஒண்ணாம் வகுப்பு, 2039-ல் பிளஸ் டூ முடியும். நீட்டுக்கு அந்த டிசம்பர் 31-க்குள் 17 முடியணும். ஆகஸ்டிலேயே முடிஞ்சிடும், அங்கே தடையில்லை. கேந்திரிய வித்யாலயாவில்தான் இடிக்கும். ஒண்ணாம் வகுப்புக்கு மார்ச் 31-ல் ஆறு நிறையணும். அவளுக்கு அது 2029.

ஏப்ரல் 3

புத்தி போதும். மணிக்கட்டு போதாது.

ஏப்ரல் 20

படிப்பது வேறு, எழுதுவது வேறு. மணிக்கட்டில் இருக்கவேண்டிய எட்டுச் சிறு எலும்பில் இந்த வயசில் பாதிகூட இறுகியிருக்காது, மிச்சமெல்லாம் குருத்தெலும்பு. வட்டம் மூணு வயசில் வரும், கூட்டல் குறி நாலில், சதுரம் நாலரையில், முக்கோணம் அஞ்சில். 'அ' எழுதச் சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நேர்க்கோடு எல்லாம் வேணும். இப்பவே நோட்டைக் கொடுத்தால் பென்சிலை முஷ்டியில் பிடித்துத் தோளை ஆட்டி எழுதும். அந்தப் பிடி பழகிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

அதுக்குப் பதில் கேழ்வரகு மாவைக் கெட்டியாகப் பிசைந்து கொடுத்தால் கிள்ளி உருட்டும். சாக்பீஸை அரை அங்குலமாக உடைத்துக் கொடுக்கணும். மூணு விரலுக்கு மேல் பிடிக்க இடமிருக்காது. தரையில் வேண்டாம், அவள் கண் உயரத்துக்குச் சுவரில். அப்போதான் மணிக்கட்டு பின்பக்கம் வளையும். புளியங்கொட்டை கையில் சிக்கவே கூடாது. மூக்கில் போட்டுக்கும்.

மே 11

டிபன் பாக்ஸ் மூடி திறக்கலை. ஜட்டி இறக்குகிறாள், ஏற்றத் தெரியலை. எலாஸ்டிக் பாவாடைதான் சரி. வீட்டில் தெலுங்கு. 'ஒண்ணுக்கு வருது மிஸ்' என்பதைத் தமிழில் தினமும் சொல்லிப் பழக்கணும். மிஸ்ஸுக்குப் புரியாமல் பாவாடை நனைந்தால் மறுநாள் கேட்டைத் தாண்ட மாட்டாள்.

மே 12

வேன் 7:40-க்கு. மத்தியானம் 12:30-க்குச் சாய்ந்தால் இரண்டு மணி வரை தூக்கம். வகுப்பில் பாய் விரிப்பார்களா?

மே 13

விரிக்கமாட்டார்களாம்.

மே 25

12 நாள்.

ஜூன் 2

பள்ளி திறந்தாச்சு. வேன் தெருமுனையில் நின்று கிளம்பியது. வேனில் எழுதியிருந்த பள்ளிப் பெயரை முழுசாகப் படித்தாள். நடந்து அங்கன்வாடிக்கு. அடுத்த ஜூன் வரை அங்கேதான்.

ஜூன் 4

வட்டம் இன்றைக்கு மூடியது. கூட்டல் குறி போடச் சொன்னால் இரண்டு படுக்கைக் கோடு.