அஸ்வெசும எட்டாத அறைகள்
இலங்கையில் சமுர்த்தி என்ற வறியோர் உதவித் திட்டத்துக்குப் பதிலாக 2023 இல் நடைமுறைக்கு வந்த அரச நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும, உதவிக்குரியவர்களை 22 குறிகாட்டிகளால் தெரிவு செய்கிறது. அவற்றுள் மின்சாரப் பாவனையும் ஒன்று. கொழும்பு முகத்துவாரத்தின் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே மீற்றரிலிருந்து பல அறைகளுக்கு மின்சாரம் போகும்போது, அங்கே வாடகைக்கு இருந்து வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணின் வறுமையை அந்தக் கணக்கு எவ்வாறு காட்டும்? மலையகத்திலிருந்து வந்தவராயின் வதிவிடத்தை உறுதிப்படுத்துவதே பெரும்பாடு. கொடுப்பனவு வங்கிக் கணக்குக்கே வருவதால் அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்.

தமிழும் அரசகரும மொழியென 1987 இல் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தும், எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் அக்காவிடம் ஓர் அலுவலகத்தில் சிங்களப் படிவமே நீட்டப்பட்டது. அன்றைய கூலியை இழந்து போனவர், அதை நிரப்பித்தர ஆளின்றித் திரும்பினார். இதை அவருடைய அறியாமை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. தமிழ்ப் படிவம் அவருக்குரிய உரிமை.