உட்காராத நாலாவது கால்

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள். வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மதியம் ஒரு கல்யாண ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டால் ஓடும். இருபது நிமிடத்தில் திரும்ப அணையும். காலை வேளையில் மட்டும் ஒரு தொந்தரவும் இல்லை.

கடைக்குத் தூக்கிப்போனேன். பெட்டியைத் திறக்காமலே “போர்டு போயிருக்கும் சார்” என்றார்கள். காலையில் நன்றாக ஓடுகிற போர்டு மதியத்தில் மட்டும் எப்படிப் போகும்? அப்படியே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், சும்மா இருக்கும்போதே 74 டிகிரி. ஆல்பத்தை எக்ஸ்போர்ட் கொடுத்ததும் 100. என்னுடையது இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர். அதற்கு எல்லையே 100தான். அதைத் தொட்டால் பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால், கருகிப் போவதற்கு முன் எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது. அதில்தான் ஏமாந்திருக்கிறேன். ஃபேனைப் பிரித்து எடுத்தபோதுதான் தெரிந்தது, அதற்கும் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்து கிடந்தது. பக்கத்திலேயே பூஜை அலமாரி. வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் அதில் பங்கு உண்டு. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். (காற்று அடிப்பதானால் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.)

பிராசசருக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவில் இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாகப் பெயர்ந்து வந்தது. வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவிலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் இருக்கும். அங்கே காற்று நின்றுவிட்டால் சூடு எளிதில் கடக்காது. அதை அடைக்கத்தான் இந்தப் பேஸ்ட். மொபைல் சர்வீஸ் செய்யும் நண்பரிடம் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவம் வாங்கித் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, எல்லாவற்றையும் மாட்டினேன்.

போட்டேன். இரண்டே நிமிடத்தில் 95!

கை நடுங்கியது. உண்மையிலேயே போர்டைக் கெடுத்துவிட்டேனோ? செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஃபேனின் நாலு பிளாஸ்டிக் கால்களில் மூன்று உள்ளே இறங்கியிருந்தன. ஒன்று போர்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் நூலளவு தூக்கியிருந்தால் போதும், பேஸ்ட் வைத்தும் பயனில்லை. சரி என்று திரும்பவும் கழற்றி, துடைத்து, புதிதாகப் பேஸ்ட் வைத்தேன். இந்த முறை எதிரெதிர் மூலைகளாக அழுத்தினேன். ‘டக்’கென்று நாலு சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுத்தேன்.

சும்மா இருக்கும்போது 46, எக்ஸ்போர்ட்டில் 70.

ஆனால் பெட்டியை மேசைக்குக் கீழே உள்ள அறையில் வைத்ததும் அரை மணி நேரத்தில் 82க்கு ஏறியது. பின்பக்கம் பலகை வைத்து அடைத்திருந்ததால், வெளியே தள்ளிய சூட்டையே பெட்டி திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றிப் பலகையை எடுத்துவிட்டேன். அது இப்போது மொட்டைமாடியில் இருக்கிறது. அம்மா அதன்மேல் வேட்டியை விரித்து வடாம் பிழிந்திருக்கிறார்.