கடிதம் போய்ச் சேர்வதற்குள் பதிவு அழிந்துவிடும்

2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு. வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் அதற்கிருந்த கணக்கிலிருந்து ஏறக்குறைய 95 கோடி டாலரை உருவ, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக 35 உத்தரவுகள் அனுப்பினார்கள். வெள்ளி, சனி டாக்காவில் விடுமுறை. சனி, ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை. திங்கள் சீனப் புத்தாண்டு, பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் விடுமுறை. பணத்தை நிறுத்தச் சொன்ன செய்தியை, பணம் போய்ச் சேர்ந்த மணிலா வங்கி செவ்வாயன்று கையில் எடுத்தது. அன்றைக்கே கணக்குகள் காலியாகின. 8.1 கோடி டாலர் போனது, அதில் சுமார் 1.5 கோடி மட்டும் பின்னர் மீட்கப்பட்டது. பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. பிலிப்பைன்ஸின் பணமோசடித் தடுப்புச் சட்டம் அப்போது சூதாட்ட விடுதிகளைத் தொடவில்லை, 2017இல்தான் சேர்த்தார்கள். இலங்கைக்குத் திருப்பிவிட்ட 2 கோடி டாலர் தப்பியதற்குக் காரணம், பெறுநர் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லில் விழுந்த எழுத்துப்பிழை. இடையில் இருந்த வங்கி சந்தேகப்பட்டு விளக்கம் கேட்டது.

திருடர்கள் மூன்று நாட்டு நாட்காட்டியையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சைபர் குற்ற விசாரணையில் நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு என்று பேசும்போது நான் முதலில் பார்ப்பது இந்த நேரக்கணக்கைத்தான். பணம் சில மணி நேரத்தில் கைமாறும். சர்வர் பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ அழியும். ஆனால் ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் முறைப்படி ஆதாரம் கேட்கும் பரஸ்பர சட்ட உதவிக் கோரிக்கை உள்துறை, வெளிநாட்டு நீதித்துறை, அங்குள்ள நீதிமன்றம் என்று ஏறி இறங்க மாதங்கள் ஆகும், சில நேரம் வருடமும் தாண்டும்.

2001இல் கையெழுத்துக்கு வந்த, சைபர் குற்றங்களுக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கையின் உயிர்நாடி இதற்கான ஏற்பாடுதான். முதலில் "அழிக்காமல் வை" என்று மட்டும் கேட்கலாம். தரவைத் தரச் சொல்லும் முழுக் கோரிக்கை பின்னால் வரும். அதற்குக் குறைந்தது 60 நாள் அவகாசம் உண்டு. ஒவ்வொரு நாட்டிலும் இரவு பகலாக ஒரு தொடர்பு மையம் இயங்க வேண்டும். தெற்காசியாவில் முதலில் சேர்ந்த நாடு இலங்கை, 2015இல். இந்தியா சேரவில்லை. அதனால் இங்கிருந்து சிபிஐ வழியாக ஜி7 நாடுகளின் 24 மணி நேர வலையமைப்பு, இன்டர்போல், 2005இல் நடைமுறைக்கு வந்த இந்திய-அமெரிக்க சட்ட உதவி ஒப்பந்தம் என்று பல கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2024 டிசம்பரில் சைபர் குற்றங்களுக்கான புதிய உடன்படிக்கையை ஏற்றது. அது நடைமுறைக்கு வர 40 நாடுகளின் ஒப்புதல் வேண்டும்.

கோரிக்கைகள் திரும்பி வருவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால். ஐபி முகவரியோடு (இணைய இணைப்பின் எண்) நேரம் எழுதியிருப்பார்கள், எந்த நேர மண்டலம் என்று எழுதியிருக்க மாட்டார்கள். உலகப் பொது நேரமான யூடிசி 16:45 என்றால் நம் ஊரில் இரவு 10:15. இந்த ஐந்தரை மணி நேரம் பிசகினால் சம்பந்தமே இல்லாத ஒரு வீட்டின் விவரம் வந்து நிற்கும். மொபைல் இணைப்பில் ஒரே பொது ஐபியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு இணைப்பையும் தனித்துக் காட்டும் சோர்ஸ் போர்ட் எண்ணும் இருந்தால்தான் ஆளைப் பிரித்தெடுக்க முடியும். கணக்கின் காட்சிப் பெயர் போதாது, முழு யூஆர்எல் வேண்டும். செயல் இரு நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும் என்பதையும் பல நாடுகள் பார்க்கும். எனவே சட்டப்பிரிவு எண்ணோடு நிறுத்தாமல் என்ன நடந்தது என்பதை எளிய வாக்கியங்களில் சொல்ல வேண்டும். அரசுத் தரப்பு கேட்டால் அமெரிக்க நிறுவனங்கள் பதிவுகளை 90 நாள் அழிக்காமல் வைத்திருக்கும், மறுபடி கேட்டால் இன்னும் 90 நாள். அந்த நீட்டிப்பை ஒருவரும் கேட்காமல் விட்டு ஆதாரம் போவது மனதைப் பிசைகிறது. கோப்பின் மேலேயே கெடு தேதியை எழுதி வைக்க வேண்டும்.

பணம் இழந்தவர் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் பரிவர்த்தனை எண்ணைச் சொல்ல வேண்டும். உள்ளூர்க் கணக்குகளில் பணம் இருக்கும்வரைதான் முடக்க முடியும். கிரிப்டோவாக மாறி எல்லை தாண்டிவிட்டால் மேலே சொன்ன நீண்ட வழிதான். சாட் உரையாடலை அழிக்காதீர்கள். மோசடி மின்னஞ்சலை ஃபார்வர்டு செய்தால் மூலத் தலைப்பு விவரங்கள் போய்விடும். அதை அப்படியே கோப்பாகச் சேமித்துப் புகாரோடு இணையுங்கள்.