ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் கூத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறவருக்கு

பெர்லினிலோ எஸ்ஸனிலோ ஒரு நாடகப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்துவிட்டால், விசாவுக்கு ஓடுவதற்கு முன் அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லைத் தேடுங்கள். ‘லேராவுஃப்ட்ராக்’ (Lehrauftrag) என்று இருந்தால் அது உத்தியோகம் இல்லை, மணிக்கணக்குக் கூலி. பாடவேளை ஒன்றுக்கு 45 நிமிடம். தயாரிப்புக்கும், ஒத்திகை நீண்டுபோவதற்கும் தனிக்காசு கிடையாது. பணம் பெரும்பாலும் செமஸ்டர் முடிந்த பிறகுதான் மொத்தமாக வரும், மருத்துவக் காப்பீடு உங்கள் பாடு. விருந்தினர் பேராசிரியர் என்று ஊழியர் ஒப்பந்தமே தந்திருந்தால் மாதச் சம்பளம் உண்டு, காப்பீட்டுத் தொகையில் ஏறக்குறைய பாதியைப் பள்ளி கட்டும். விசா எந்த வகை என்பதும் இதைப் பொறுத்ததுதான். கூலி வகையில் போகிறவர் நான்கைந்து மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கையில் பணத்தோடுதான் விமானம் ஏற வேண்டும்.

குளிர்கால செமஸ்டர் கணக்கில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடியும். அக்டோபரில் புது மாணவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அறை தேடுவார்கள், அதனால் செப்டம்பர் நடுவிலேயே போய் இறங்கிவிடுவது நல்லது.

வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: ‘இந்த முகவரியில் அன்மெல்டுங் செய்ய முடியுமா?’ அன்மெல்டுங் என்பது குடியிருப்புப் பதிவு. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் இல்லாமல் பதிவு நடக்காது, வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. உள்வாடகைக்கு விடுகிற பலர் இந்தக் கடிதம் தர மாட்டார்கள். அப்படிப்பட்ட அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பதிவு இல்லையென்றால் வரி எண் இல்லை, அதற்குப் பிறகு வருகிற எதுவுமே நகராது. முன்பணம் அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்று ஒருவர் எழுதினால் அது மோசடி.

பெரிய நகரங்களில் பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே சில வாரம் ஆகலாம். விண்ணப்பித்த தேதி தெரிகிற உறுதிச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், தாமதத்துக்கு அதுதான் சாட்சி. காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் இணையதளத்தைப் பார்த்தால் யாரோ ரத்து செய்த இடம் கிடைக்கும். பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். சும்மா கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கத்தோலிக்கர் என்று பதிவானால் வருமான வரியின் மேல் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரி பிடிப்பார்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் எல்லாருமே இடறுகிறோம். முன்னெழுத்து என்றால் என்னவென்றே அங்கே யாருக்கும் தெரியாது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் ஒவ்வொரு அலுவலகமும் அதை ஒவ்வொரு விதமாக நிரப்பிக்கொள்ளும். அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் இருந்தால் ஊரே உங்களை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும், பழகிக்கொள்ள ஒரு மாதம் ஆகும். குடியிருப்புப் பதிவில் பெயர் எந்த எழுத்தில், எந்த வரிசையில் விழுந்ததோ, வங்கியிலும் காப்பீட்டிலும் பள்ளியின் சம்பளப் பிரிவிலும் அதையே கொடுங்கள்.

அதே எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு தபால்பெட்டியிலும் இருக்க வேண்டும். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார், பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். 11 இலக்க வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கியின் ரகசிய எண் எல்லாம் தபாலில்தான் வருகின்றன. வரி எண் வராமல் முதல் மாதச் சம்பளம் போட்டால் ஆறாம் வரி வகுப்பில் போட்டு அதிகம் பிடித்துவிடக்கூடும். ஒலிபரப்புக் கட்டணக் கடிதமும் இப்படித்தான் வரும், வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்று பதில் எழுதிப் பயனில்லை. அதே வீட்டில் வேறொருவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டண எண்ணைக் குறித்து அனுப்பினால் போதும்.

சாமான் கட்டும்போது கஞ்சிராவை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். உடும்புத் தோல் என்றால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், இங்கே வனவிலங்குச் சட்டம், அங்கே சர்வதேச ஒப்பந்தம், இரண்டுமே தடுக்கும். ஆட்டுத் தோலிலோ செயற்கைத் தோலிலோ செய்தது போதும். மயிலிறகை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது, கிரீடத்துக்கு வேறு அலங்காரம் தேடுங்கள். பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள், நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். கருவாட்டுக்குத் தடையில்லை, மீன் வகையில் 20 கிலோ வரை கொண்டுபோகலாம். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பது வேறு கதை.

மிருதங்கத்துக்கு அங்கே பகை குளிர் இல்லை, அறைச் சூடு. வெந்நீர்க் குழாய்ச் சூட்டில் காற்று காய்ந்துபோய், தோல் இறுகி, சுருதி மேலே ஏறும், தோல் நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சான கரணையும் உதிரத் தொடங்கும். சூடேற்றிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உறையிலிருந்து எடுத்ததும் வாசிக்காமல் அரைமணி நேரம் அறைக்குப் பழக விடுங்கள்.

ஒத்திகைக் கூடத்தில் தரை கறுப்பு நடன விரிப்பாக இருக்கும். தெருச் செருப்போடு உள்ளே போகக் கூடாது. சலங்கையின் வெண்கல மணி விரிப்பைக் கீறும், அதனால் முதல் நாளே கூடப் பொறுப்பாளரிடம் சலங்கையைக் கையில் கொடுத்துக் காட்டி அனுமதி வாங்குங்கள். பெரும்பாலும் பழைய விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேலே போட்டுவிடுவார்கள்.

அதைவிடப் பெரியது நெருப்பு. விளக்கேற்றி, கற்பூரம் காட்டித் தொடங்குவது நமக்கு வழக்கம். அங்கே மூடிய அரங்கில் திறந்த தீ என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும், நிகழ்ச்சியன்று தீக்காவலரும் நிற்க வேண்டியிருக்கும். மூன்று நான்கு வாரம் முன்பே தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதுங்கள். கேட்காமல் ஏற்றி, புகையுணரி அலறி, தீயணைப்பு வண்டி வந்துவிட்டால் செலவைப் பள்ளியின் தலையில் கட்டுவார்கள். வகுப்புக்கு ஏற்றாத குத்துவிளக்கே போதும். மேடையில் தொங்கும் துணி எளிதில் தீப்பிடிக்காத ரகமாக இருக்க வேண்டும் என்பதும் விதி. இரண்டு பேர் பிடிக்கும் கூத்துத் திரை தொங்குவதில்லைதான், ஆனாலும் ஊரிலிருந்து கொண்டுபோன பருத்தித் துணியை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். தீத்தடுப்புக் கரைசல் தெளிக்கச் சொன்னால் சாயம் ஓடுகிறதா என்று ஓரத்தில் ஒரு சாண் நனைத்துப் பார்த்த பிறகே முழுவதும் தெளியுங்கள்.

அரிதாரப் பொடிகளைச் சுமந்துபோக வேண்டாம். பழைய அரிதாரம் ஆர்சனிக் கலந்த கனிமம், அதை மாணவர் முகத்தில் பூசுவது பெரிய வம்பு. நம் ஒப்பனைக்காரர்களுக்குப் பழக்கமான கிரையோலான் ஒப்பனைப் பொருள் நிறுவனம் 1945-இல் தொடங்கியதே பெர்லினில்தான், அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

அட்டவணையில் ‘10 சி.டி.’ என்றிருந்தால் வகுப்பு 10.15-க்கு, ‘எஸ்.டி.’ என்றால் மணி அடித்தாற்போல். ஒத்திகைக்கு இந்தக் கால்மணிச் சலுகை கிடையாது. மாணவர்கள் உங்களைப் பெயர் சொல்லி, நீ என்றே கூப்பிடுவார்கள். மரியாதைக்குறைவு இல்லை, நாடகப் பள்ளிகளில் அதுதான் நடைமுறை. அடவு சொல்லிக்கொடுக்கும்போது தோளையோ இடுப்பையோ தொட்டுத் திருத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ‘எதற்காக இப்படி?’ என்று மூன்றாவது சுற்றிலேயே கேள்வி வரும். ‘முதல் இருபது நிமிடம் ஆட்டம் மட்டும், கேள்வி கடைசியில்’ என்று முதல் வகுப்பிலேயே சொல்லி, கடைசி நேரத்தை உண்மையாகவே ஒதுக்கினால் ஏற்றுக்கொள்வார்கள். அரங்கில் சீழ்க்கை அடிக்காதீர்கள், அபசகுனம் என்பார்கள். நிகழ்ச்சிக்கு முன் யாராவது ‘டொய் டொய் டொய்’ என்று வாழ்த்தினால் நன்றி சொல்லக் கூடாது, அதுவும் அபசகுனம்தான். கூத்து வாத்தியாருக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டியதில்லை.

சமையல் செய்கிறவர்கள் குளிருக்குப் பயந்து சன்னலை மூடியே வைத்தால் ஒரு மாதத்தில் சுவரில் பூஞ்சை பிடித்து, முன்பணத்தில் கழிப்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஐந்து நிமிடம், சன்னலை முழுக்கத் திறந்து மூடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. கறிவேப்பிலைக்கு ஈழத்தமிழர் கடைகள் உண்டு, காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிற ஹம் ஊரும் எஸ்ஸனிலிருந்து ரயிலில் போய்வரும் தூரம்தான்.

கிளம்பும்போது பதிவை நீக்கும் படிவம் கொடுக்க வேண்டும், புறப்பட ஒரு வாரம் முன்பிருந்து இரண்டு வாரம் பின்பு வரை. அதன் நகலை அனுப்பினால்தான் ஒலிபரப்புக் கட்டணம் நிற்கும். வங்கிக் கணக்கை மட்டும் மூடாதீர்கள், கூலிப் பணம் நீங்கள் ஊர் வந்து சேர்ந்த பிறகே விழக்கூடும். பெட்டியில் ஒட்டிய பெயர்ச்சீட்டையும் இரண்டு மாதம் விட்டுவைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.