அச்சில் அழுத்திய தகடு பழைய தகடு அல்ல

கார் பாகத்துக்காகத் தகட்டை அச்சில் அழுத்தும்போது வடிவம் மட்டுமா மாறுகிறது? வலிமையும் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. ஆழமாக இழுபட்ட மூலையைப் பாருங்கள்: தகடு மெலிந்திருக்கும், ஆனால் இழுபட்டதாலேயே இறுகியும் இருக்கும். மேற்கொண்டு நீளும் தன்மை குறைந்துவிடுவதால் மோதலில் அங்கே கிழியவும் கூடும். அதனால் கார் மோதினால் என்ன ஆகும் என்று கணினியில் கணிக்கும்போது, அழுத்துவதற்கு முந்தைய தட்டைத் தகட்டின் தடிமனையும் வலிமையையும் அப்படியே போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், பெயின்ட் அடித்த கார் உடலைச் சூட்டில் காயவைக்கும் அடுப்பு. சில வகை எஃகு அங்கே சுமார் 170 டிகிரியில் 20 நிமிடம் இருந்தாலே இன்னும் இறுகும்.

சிறிதளவு போரான் சேர்த்த எஃகு வேறு ரகம். 900 டிகிரி அளவுக்குக் காய்ச்சி, குளிர்ந்த அச்சுக்குள்ளேயே அழுத்திச் சட்டென ஆறவைத்தால் வலிமை சுமார் 1500 மெகாபாஸ்கலைத் (வலிமையை அளக்கும் அலகு) தொடும். முன், பின் கதவுகளுக்கு நடுவே நிற்கும் தூணைப் பல கார்களில் இப்படித்தான் செய்கிறார்கள்.