கரண்ட் போய் வரும் ஊரில் ஒரு சேர்வர்

வன்னியில், மாங்குளத்திலோ நெடுங்கேணியிலோ ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கோ பாடசாலைக்கோ சேர்வர் பூட்டுகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை ஜிபி ராம் என்று. அது பிறகு பார்க்கக்கூடிய விஷயம். முதலில் ஒரு மல்ரிமீற்றரை எடுத்துக்கொண்டு சுவர் பிளக்குக்குப் போங்கள்.

மீற்றரை ஏசி 600 அல்லது 750 வோல்ற்றில் வைத்து மூன்று அளவு எடுக்க வேண்டும். லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 அளவில் இருக்கும். லைவுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இரண்டு மூன்று வோல்ற்றுக்கு மேல் காட்டக் கூடாது. அங்கே 40, 60 என்று ஓடினால் எர்த் இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது. மாரியில் சரியாகக் காட்டிய அதே பிளக், குளம் வற்றி நிலம் வெடித்துக் கிடக்கிற ஆவணியில் மாறிக் காட்டும். எர்த் கம்பியைச் சுற்றி மண் காய்ந்துவிட்டால் தடை ஏறிவிடும். அந்தக் கம்பி இறக்கிய குழிக்குக் கிழமைக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது சேர்வர் பராமரிப்பில் ஒரு பகுதிதான், சிரிக்க வேண்டாம். அதற்கும் சரிவராவிட்டால் இன்னொரு கம்பி இறக்க வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

கொம்பியூட்டர் பெட்டியைத் தொட்டால் மெல்லச் சுரீர் என்கிறதே, அதற்கும் இதுதான் காரணம். பவர் சப்ளைக்குள் லைவிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்குச் சிறிய கப்பாசிற்றர்கள் போகின்றன. எர்த் இல்லாதபோது அவை பெட்டியைப் பாதி வோல்ற்றில், ஏறத்தாழ 115இல், தொங்கவிடுகின்றன. கடையில் வாங்கிய நீட்டு வயரில் மூன்று ஓட்டை இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பலதில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. கழற்றிப் பாருங்கள்.

அந்தக் கப்பாசிற்றர்கள் வழியாக எர்த்துக்குப் போகிற கசிவுதான் பாடசாலை லாபில் ட்ரிப் சுவிட்ச் விழுவதற்கும் காரணம். ஒரு கொம்பியூட்டர் ஒரு மில்லி அம்பியர் அளவில் எர்த்துக்கு விடும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் 15இலிருந்தே விழலாம். இருபது கொம்பியூட்டரை ஒன்றில் கொடுத்தால் கரண்ட் திரும்பி வருகிற நொடியில் விழும், யாரும் தூக்கிவிடாமல் சனி ஞாயிறு முழுக்க இருண்டு கிடக்கும். லாபை இரண்டாகப் பிரித்து, சேர்வருக்குத் தனி லைன் இழுங்கள்.

இனி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனதும் பற்றரியில் தாங்கிப் பிடிக்கிற பெட்டி. 650 விஏ என்று எழுதியிருந்தாலும் உண்மையில் 360, 390 வாற் அளவுதான். உள்ளே 12 வோல்ற் 7 அம்பியர் மணி பற்றரி ஒன்று. கணக்குக்கு 84 வாற் மணி, வேகமாக இறக்கும்போது பாதிதான் கையில் கிடைக்கும். சேர்வர், நெட்வேர்க் சுவிட்ச், றவுட்டர் எல்லாம் சேர்த்து 90 வாற் என்றால் புதுப் பற்றரியில் இருபது நிமிடத்தை நம்பலாம். லேசர் பிரின்ரரை அதில் குத்தவே கூடாது, சூடேறும்போது ஆயிரம் வாற் வரை இழுக்கும். 25 பாகைக்கு மேல் பத்துப் பாகை கூடினால் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. சீற் கூரைக்குக் கீழே நாலு வருடப் பற்றரி இரண்டு வருடத்தில் முடிவது அதனால்தான். பூட்டிய திகதியைப் பற்றரியில் மார்க்கரால் எழுதி வையுங்கள்.

யூபிஎஸ்ஸை சேர்வரோடு யூஎஸ்பி வயரால் இணைத்து, லினக்ஸ் என்றால் யூபிஎஸ்ஸைக் கவனித்து சேர்வரை நிறுத்துகிற ‘நட்’ (NUT) மென்பொருளைப் போடுங்கள். பற்றரி இத்தனை வீதம் வந்ததும் நிறுத்து என்று மட்டும் சொல்லி வைப்பது ஆபத்து. பழைய பற்றரி 60 வீதம் என்று சொல்லிக்கொண்டே இருந்து திடீரென்று செத்துவிடும். நேரக் கணக்கே நல்லது: கரண்ட் போய் ஐந்து நிமிடம் ஆனால் இறங்கு. பெரும்பாலான வெட்டு ஒன்றில் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும், இல்லாவிட்டால் மணித்தியாலக் கணக்காகும். நடுவில் உள்ளவை குறைவு.

பலர் வழுக்குகிற இடம் அதற்குப் பிறகுதான். சேர்வர் ஒழுங்காக இறங்குகிறது, கரண்ட் வருகிறது, சேர்வர் எழும்பவில்லை. சேர்வர் எழும்பும்போது முதலில் ஓடுகிற பயோஸின் அமைப்பில் கரண்ட் திரும்பியதும் ‘பழைய நிலைக்கு’ என்று இருக்கும். பழைய நிலை என்ன? நீங்களே ஒழுங்காக நிறுத்திய நிலை. ஆகவே அது அணைந்தே இருக்கிறது. அதை ‘எப்போதும் ஓன்’ என்று மாற்ற வேண்டும். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு: இறங்கிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டால், யூபிஎஸ் ஒரு நொடிகூட வெட்டாதபடியால் சேர்வருக்குக் கரண்ட் போய் வந்ததே தெரியாது. ‘நட்’டில் கில்பவர் என்ற வசதி இதற்குத்தான்; கடைசிக் கட்டத்தில் யூபிஎஸ்ஸை வெட்டச் சொல்லி, பிறகு திரும்பத் தரச் சொல்லும். திரும்பத் தரும் தாமதத்தை 180 செக்கன் வையுங்கள். இங்கே கரண்ட் வரும்போது இரண்டு மூன்று தரம் கண்ணடித்துவிட்டுத்தான் நிலைக்கும். சில மலிவு யூபிஎஸ் இந்தக் கட்டளையைக் கேட்காது, வாங்கிய அன்றே சோதியுங்கள். சோதிக்கும்போது பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த்தும் சேர்ந்து போய்விடும். சுவர் சுவிட்சை அணைத்தால் போதும்.

சின்ன ஜெனரேற்றர் ஓடினாலும் யூபிஎஸ் பற்றரியிலேயே நிற்கிறதா? அதிர்வெண் 50இல் நிற்காமல் ஆடுகிறது என்று அர்த்தம். யூபிஎஸ்ஸின் உணர்திறனைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள், இல்லாவிட்டால் ஜெனரேற்றரின் வேகத்தைச் சரிசெய்யுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் காலம். இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்பு நெட்வேர்க் வயர் இழுத்திருந்தால் இரு முனையிலும் உள்ள நெட்வேர்க் சுவிட்ச் எரிந்துபோகும். மின்னல் அதில் நேரே விழ வேண்டியதில்லை. பக்கத்து வேம்பில் விழுந்தாலும் வயரில் வோல்ற் ஏறும், இரு கட்டடத்து எர்த்தும் வேறு வேறு அளவில் நிற்கும். அங்கே கரண்ட் கடத்தாத, ஒளியால் ஓடுகிற ஃபைபர்தான் போட வேண்டும், அதைச் செம்பு வயரோடு சேர்க்க இரு முனைக்கும் ஒவ்வொரு மீடியா கொன்வேர்ட்டர். ஃபைபரோடு ஒட்டி வருகிற தாங்கு கம்பி இரும்பு என்பதை மறக்க வேண்டாம், அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்துங்கள். கட்டடத்துக்குள் செம்பு வயர் வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக மின்னினால் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது, திருப்பிக் கொடுங்கள்.

பிரதி எடுக்கிற வெளி டிஸ்கை எப்போதும் குத்தியே வைத்தால் மின்னல் சேர்வரையும் அதையும் சேர்த்துக் கொண்டுபோகும். இரண்டு டிஸ்க் வைத்துக் கிழமைக்குக் கிழமை மாற்றுங்கள், ஒன்று எப்போதும் வேறு கட்டடத்தில் இருக்கட்டும். பிரதி எடுக்கிற ஸ்கிரிப்ற் தொடங்க முன் டிஸ்க் உண்மையில் ஏறியிருக்கிறதா (மவுண்ட் ஆகியிருக்கிறதா) என்று சோதிக்கச் சொல்லுங்கள். ஏறாவிட்டால் அது வெறும் ஃபோல்டருக்குள், சேர்வரின் சொந்த டிஸ்கிலேயே கொட்டி நிரப்பும். காலையில் ஒருவருக்கும் லொகின் பண்ண வராது.